புண்ணை ஆற்றும் புதிய தோல்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்துவரும் பணி ஒன்றே. நம் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே அப்பணி. அதன் பெருமையை எடுத்துரைக்க இம்மேடையில் பலர் இருக்கின்றனர். ஆகையால் நாம் ஓர் அறிவியல் செய்தியை எடுத்துக்கொண்டோம். ஆழமான புண்களை ஆற்றுவதற்காக இன்று ஆய்வுக்கூடங்களில் தோலை வளர்க்கின்றனர். தோலைச் செய்தும் விடுகின்றனர். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நமக்குரிய பங்கு எது என்பதே இவ்வுரையின் பொருள்.

தோலைப் பற்றிப் பேச நமக்குத் தனி உரிமை உண்டு. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் நாம். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதனிட்டு, ஊருக்குச் செருப்பும், கமலைக்குத் தோற்பையும், விழாவுக்குப் பறையும் செய்து கொடுத்தவர்களும் நம் மக்களே. செருப்பை ஊர் அணிந்தது. செய்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தியது. அந்தத் தோல்தான் இன்று உலகின் பெரிய மருத்துவமனைகளில் உயிர் காக்கும் மருந்தாகியிருக்கிறது.

முதலில் தோலின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். நம் உறுப்புகளில் மிகப் பெரியது தோல். வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை வரும். அது இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே உள்ள மேல்தோல் மெல்லியது. நீரையும் கிருமியையும் தடுக்கும் கூரை போன்றது. அதன் அடியில் உள்ள உயிரணுக்கள் இடைவிடாது பெருகி மேல்நோக்கி நகர்ந்து, உலர்ந்து, உதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள அடித்தோல் தடித்தது. கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் நெய்யப்பட்டது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் இதில்தான் இருக்கின்றன.

மேலோட்டமான காயம் எளிதில் ஆறிவிடும். மயிர்க்கால்களின் சுவரிலும் வியர்வைக் குழாய்களின் சுவரிலும் மேல்தோல் உயிரணுக்கள் மிச்சமிருப்பதால், அங்கிருந்து புதிய மேல்தோல் படர்ந்துவிடும். தீயோ நோயோ அடித்தோல் முழுவதையும் அழித்துவிட்டால் நிலைமை வேறு. விதை நெல்லும் சேர்த்து எரிந்துபோன வயலைப் போன்றது அது. சுற்றியுள்ள ஓரங்களிலிருந்து மட்டுமே தோல் வளர வேண்டும். பெரிய புண்ணாயின் அதற்குள் உடலின் நீர் வற்றும், கிருமிகள் நுழையும். உயிர் பிழைத்தாலும் புண் சுருங்கித் தழும்பாகும். கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை மடங்கியபடியே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட புண் யாருக்கு வருகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேருக்கும் மேல் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. கூரை வீடு, திறந்த அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, இடநெருக்கடி இவையெல்லாம் யாருடைய வாழ்வில் உள்ளன என்பதை இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. தீயைத் தவிர, நீரிழிவினால் காலில் உண்டாகும் ஆறாப் புண்ணும், தொழுநோயால் உணர்வற்ற பாதத்தில் விழும் புண்ணும் உள்ளன. ஆகவே இது எங்கோ நடக்கும் விந்தைச் செய்தி அன்று. நம் தெருவுக்கு வேண்டிய செய்தி.

தோலை இடம் மாற்றி வைக்கும் கலை இந்நாட்டில் பழமையானது. 1794ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் ஏடு ஒன்றில் ஒரு கடிதம் வெளியாயிற்று. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கறுபட்டவர். அவருக்குப் பூனா அருகே, நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்கு அமைத்துக் கொடுத்தார் ஒரு கைவினைஞர். அவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்று அக்கடிதம் கூறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1814இல், லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்பியூ அம்முறையைச் செய்து வெற்றி கண்டார். பின்னர் நூலும் எழுதினார். மருத்துவ வரலாற்றில் கார்ப்பியூவின் பெயர் நிலைத்தது. செங்கல் அறுத்தவரின் சாதி மட்டுமே அக்கடிதத்தில் நின்றது. கையில் கலை இருந்தால் மட்டும் போதாது, அதை எழுதி வைக்கும் கல்வியும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை.

பின்னர் 1869இல், பாரிசில் ரெவர்தேன் என்னும் இளம் மருத்துவர் தோலின் சிறு துணுக்குகளைப் புண்ணின் மேல் ஒட்டினார். அவை வேரூன்றிப் படர்ந்தன. இன்றும் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து, புண்ணின்மேல் ஒட்டுவதே வழக்கமான சிகிச்சை. ஆனால் உடலில் பெரும்பகுதி வெந்துவிட்டால் எடுப்பதற்கு நல்ல தோல் ஏது?

மற்றொருவர் தோலை வைக்கலாமே என்று தோன்றும். இரண்டாம் உலகப் போரில் எரிந்த வீரர்களுக்காக இக்கேள்வியை ஆராய்ந்தவர்கள் பீட்டர் மெடாவரும் தாமஸ் கிப்சனும். 1943இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பிறர் தோலை உடல் சில நாள் ஏற்றுக்கொண்டு, பின் தன் எதிர்ப்பாற்றலால் தள்ளிவிடும், இரண்டாம் முறை வைத்தால் இன்னும் விரைவாகத் தள்ளிவிடும். இவ்வாய்வுப் பாதையில் தொடர்ந்து சென்ற மெடாவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அண்ணன் தோலைத் தம்பியின் உடலும் ஏற்பதில்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மட்டுமே விலக்கு. உடல் ‘தன்னது, தன்னதல்லாதது’ என்று மட்டுமே பிரிக்கிறது. உயர்ந்த சாதித் தோல், தாழ்ந்த சாதித் தோல் என்று அது பிரிப்பதில்லை. அப்படி ஒரு பிரிவு இயற்கையில் இருந்திருந்தால் மெடாவரின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது தெரிந்திருக்கும்.

அப்படியானால் நோயாளியின் சொந்தத் தோலையே பெருக்க வேண்டும். இவ்வழியைத் திறந்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும். மேல்தோல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் தனியே வளர்த்தால் அவை விரைவில் நின்றுவிடும். கதிர் பாய்ச்சிப் பெருகாதபடி செய்த சுண்டெலி உயிரணுக்களைக் கீழே பரப்பி, அவற்றின்மேல் வளர்த்தால் அவை செழித்துப் பெருகும் என்று 1975இல் அவர்கள் காட்டினர். அஞ்சல் தலை அளவுள்ள தோலிலிருந்து மூன்று நான்கு வாரங்களில் உடல் முழுவதையும் மூடத்தக்க மேல்தோலை வளர்க்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

அதற்குக் கடுமையான சோதனை 1983இல் வந்தது. அமெரிக்கச் சிறுவர்களான சகோதரர் இருவர், 5 வயதும் 6 வயதும் ஆனவர்கள், உடற்பரப்பில் 95 விழுக்காட்டுக்கும் மேல் எரிந்த நிலையில் பாஸ்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். எஞ்சியிருந்த சிறு தோலிலிருந்து ஆய்வுக்கூடத்தில் தோல் வளர்க்கப்பட்டது. அது அவர்கள் உடலின் பெரும்பகுதியை மூடியது. இருவரும் பிழைத்தனர். 1984இல் அச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை இருந்தது. வளர்த்தது மேல்தோல் மட்டுமே. அடித்தோல் இல்லாத மேல்தோல், அடித்தளம் இல்லாத சுவரைப் போன்றது; எளிதில் கொப்புளம் கொள்ளும், உரியும். அதை வளர்த்து முடிக்கும் வரை மூன்று வாரம் நோயாளி புண் திறந்தபடி காத்திருக்கவும் முடியாது. இங்கேதான் மாட்டுத்தோல் நம் கதைக்குள் வருகிறது.

பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க், நார்களையும் பல்படிகளையும் ஆராய்ந்துவந்த ஐயோனிஸ் யானாஸ் ஆகிய இருவரும் சேர்ந்து செயற்கை அடித்தோல் ஒன்றை ஆக்கினர். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனையும், சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் கலந்து, உறையவைத்து உலர்த்தி, நுண்துளைகள் நிறைந்த பஞ்சுபோன்ற தகடாக்கினர். அதன்மேல் மெல்லிய சிலிக்கோன் தாளை ஒட்டினர். வெந்த தோலை அகற்றிய இடத்தில் இதை வைத்தால், மேலே உள்ள தாள் நீரையும் கிருமியையும் தடுக்கும். கீழே உள்ள பஞ்சு, கட்டட வேலையில் நாம் கட்டும் சாரம் போல நிற்கும். நோயாளியின் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் அந்தத் துளைகள் வழியே ஏறி வந்து புதிய நாரை நெய்யும். சுவர் எழ எழச் சாரத்தைப் பிரிப்பதுபோல, மாட்டுக் கொலாஜன் மெல்லக் கரைந்து மறையும். சில வாரங்களில் நோயாளியின் சொந்த அடித்தோல் உருவாகிவிடும். பிறகு தாளை உரித்துவிட்டு மிக மெல்லிய மேல்தோலை ஒட்டினால் போதும். பத்து நோயாளிகளுக்கு இதைச் செய்த முடிவை 1981இல் வெளியிட்டனர். 1996இல் அமெரிக்க அரசு விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது.

இதில் உள்ள வேதியியலை நம் முதியவர்கள் கையால் அறிந்தவர்கள். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டால் மயிரும் மேல்தோலும் கழன்று அடித்தோலின் நார் மட்டும் நிற்கும். ஆவாரம் பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் போட்டால் நாரோடு நார் பிணைந்து, அழுகாத தோலாகும். யானாஸ் செய்ததும் நாரைத் தூய்மை செய்து பிணைப்பதே. அவர் பயன்படுத்திய குளுட்டரால்டிஹைடு தோல் பதனிடுவோருக்கும் பழக்கமான பொருளே. வேறுபாடு அளவில் இருக்கிறது. பதனிடுவோர் என்றும் அழுகாத தோலை விரும்புவர். யானாஸுக்குத் தேவை, குறித்த காலத்தில் கரையும் தோல். மிகக் குறைவாகப் பிணைத்தால் சாரம் முன்பே சரிந்துவிடும். மிகுதியாகப் பிணைத்தால் கரையாமல் நின்று தழும்பாகும். அந்த நடுவளவைக் கண்டதே அவருடைய சாதனை.

கொலாஜனின் வடிவைக் கண்டறிந்ததோ நம் சென்னை நகரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும், மூன்று இழைகள் கயிறு போல் முறுக்கிய வடிவமே கொலாஜன் என்று 1954இல் வெளியிட்டனர். உலக ஆய்வாளர் அதைச் சென்னை முப்புரி என்றே குறிப்பிடுகின்றனர். அவர்கள் கதிர்ப்படம் எடுத்த கங்காரு வால் தசைநாண், அருகில் அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. 1948இல் நிறுவப்பட்ட அந்நிலையம் பிற்காலத்தில் புண்ணை மூடும் கொலாஜன் தகடுகளையும் உருவாக்கியது.

இதை எண்ணிப் பாருங்கள். அதே காலத்தில், அதே மாநிலத்தில், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம் மக்கள் பலர் பதனிடும் குழிகளில் நின்றுகொண்டிருந்தனர். சுண்ணாம்பும் குரோமியமும் அவர்கள் கைகால்களை அரித்துப் புண்ணாக்கின. ஆய்வறையில் கொலாஜனைக் கையில் எடுத்தவருக்கு அறிஞர் என்ற பெயர் கிடைத்தது. குழியில் அதையே கையில் எடுத்தவருக்குத் தீண்டத்தகாதவர் என்ற பெயர் கிடைத்தது. பேராசிரியரின் புகழ் அவர் அறிவுக்கு உரியது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்த சுவரைத்தான் சுட்டுகிறோம். அச்சுவரின் பெயர் கல்வி மறுப்பு.

மேலும் இரண்டு முன்னேற்றங்களைச் சொல்ல வேண்டும். யூஜின் பெல் என்பவர் கொலாஜனையும் உயிரணுக்களையும் சேர்த்து இரண்டு அடுக்கும் உயிருள்ள தோலை ஆக்கும் முறையை 1981இல் வெளியிட்டார். அவ்வழியில் உருவான தோலுக்கு, கால் சிரைப் புண்ணுக்காக 1998இலும், நீரிழிவுப் பாதப் புண்ணுக்காக 2000இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பிறந்த குழந்தைகளுக்குச் சுன்னத்துச் செய்யும்போது நீக்கப்படும் சிறு தோலே அதற்கு விதை. அந்த உயிரணுக்கள் புண்ணில் நிலைத்து வாழ்வதில்லை; ஆனால் அவை சுரக்கும் பொருள்கள் ஆறாமல் நின்ற புண்ணை ஆறத் தூண்டுகின்றன.

இரண்டாவது, 2015இல் ஜெர்மனியின் போக்கும் நகரில் நடந்தது. சிரியா நாட்டிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் 7 வயதுச் சிறுவன் பிறவித் தோல் நோயால் துன்புற்றான். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதம் அவன் உடலில் சரியாக உண்டாகவில்லை. உடலின் பெரும்பகுதியில் மேல்தோல் உரிந்துவிட்டது. இத்தாலியின் மிக்கேலே டி லூக்கா குழுவினர், அவனிடமிருந்து எடுத்த சிறு துண்டுத் தோலின் உயிரணுக்களில் பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதைச் சேர்த்து வளர்த்தனர். உடற்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தப் புதிய தோலால் மூடப்பட்டது. 2017இல் இதை வெளியிட்டபோது அவன் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தான். நாடிழந்த ஓர் அகதிச் சிறுவனுக்கு ஐரோப்பாவின் உயர்ந்த அறிவியல் கிடைத்தது. ஏழைக்கு இது எட்டாது என்பது இயற்கை விதி அன்று. ஒரு சமுதாயம் மனம் வைத்தால் எட்டும்.

குறைகளையும் மறைக்கலாகாது. இன்றைய செயற்கைத் தோலில் மயிர் முளைப்பதில்லை, வியர்வைச் சுரப்பி இல்லை, நிறம் ஒத்துவருவதில்லை. இரத்தக் குழாய் உள்ளே ஏறும்வரை கிருமி தாக்கும் அச்சம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக விலை மிகுதி. நம் அரசு மருத்துவமனைகளில் தீப்புண் நோயாளிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒட்டுத்தோலும் நல்ல செவிலியரின் கைகளுமே. அவையும் உயிர் காப்பவையே. ஆனால் மேலானது ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அதைக் கேட்டுப் பெற முடியும்.

ஆகவே இளைஞர்களே, மூன்று கடமைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசெல்ல வேண்டிய செய்தி. தீப்பட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மையோ, மாவோ, பற்பசையோ, பனிக்கட்டியோ வைக்கலாகாது. தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆழமாகாத புண்ணுக்குப் புதிய தோல் தேவைப்படாது. நீரிழிவு உள்ள பெரியவர்களின் பாதங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தோல் தானம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய தோலை எடுத்துக் கிளிசரினில் பல ஆண்டுகள் காக்கலாம். உடல் உருக்குலையாது, இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. பெற்றவர் உடல் பின்னர் அதைத் தள்ளிவிடும் என்றாலும், உயிருக்குப் போராடும் அந்தச் சில வாரங்களில் அதுவே அவருக்குக் காப்பு. எந்தத் தோலின் தீண்டல் தீட்டென்று சொல்லப்பட்டதோ, அந்தத் தோல் யாரோ ஒருவருடைய திறந்த புண்ணின்மேல் கிடந்து அவர் உயிரைக் காக்கும். அப்போது யாரும் ஊர் கேட்பதில்லை; தெரு கேட்பதில்லை.

மூன்றாவது, படிப்பு. பிறப்பின் பெயரால் எந்தப் பிள்ளையும் தோல் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கட்டாயத்தை உடைக்கவே அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் போராடினார். விரும்பிச் செல்லும் பிள்ளைக்கு அந்த ஆய்வறையின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. உயிர்வேதியியல், இயற்பியல், வேதிப் பொறியியல், தோல் தொழில்நுட்பம், மருத்துவம், செவிலியம் ஆகிய எல்லாம் இந்த ஒரு துறைக்குள் வந்து சேர்கின்றன. உதவித்தொகையும் இடஒதுக்கீடும் யாரும் இரங்கித் தந்தவை அல்ல. போராடிப் பெற்ற உரிமைகள். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் ஒவ்வொரு பிள்ளையையும் நம் சங்கம் தேடிச் சென்று அழைத்துவர வேண்டும்.

வியர்வை சுரக்கும் தோலும், மயிர் முளைக்கும் தோலும், ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் தோலும் இனித்தான் செய்யப்பட வேண்டியவை. வேலை மீதமிருக்கிறது. அதைச் செய்து முடிப்போரின் பெயர்ப் பட்டியலில் நம் பெண்களும் பையன்களும் இடம்பெற வேண்டும். சாதிப் பெயரால் அன்று, அவரவர் சொந்தப் பெயரால். அதற்கான பணியில் நம் சங்கம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வாழ்த்தி அமர்கிறோம்.